அலமாரியில் வெடித்த கிண்ணங்கள்: ஏரி மண்ணும் 960 டிகிரியும்

நவம்பர் மழை. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஒரு ராத்திரி, பட்டறையில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அலமாரிப் பக்கமிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்து விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால், ஐந்து நாள் முன்பு சூளையிலிருந்து எடுத்து அடுக்கிய கிண்ணம் ஒன்றின் வயிற்றில் மிளகளவு பள்ளம். கீழ்ப்பலகையில் ஒரு சின்னச் சில்லு. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கூம்பு. யாரும் அதை இடிக்கவில்லை, அது கீழேயும் விழவில்லை. நன்றாகச் சுட்டு, நன்றாக ஆறி, விரலால் சுண்டினால் கணீரென்று ஒலித்த கிண்ணம், வைத்த இடத்தில் இருந்தபடியே தன் தோலைத் துப்பியிருந்தது.

அடுத்த வாரத்துக்குள் அந்தச் சத்தம் பழகிப்போனது. பன்னிரண்டாம் நாள் எண்ணினேன். 58 கிண்ணங்களில் 41-இல் குறைந்தது ஒரு பள்ளமாவது இருந்தது. ஒன்றில் மட்டும் ஒன்பது.

கையால் மட்பாண்டம் செய்கிறவர்கள், அதிலும் பையில் வரும் மண்ணை விட்டுவிட்டுத் தங்கள் ஊர் மண்ணை முதன்முறையாகத் தொட நினைக்கிறவர்கள், இதே குழியில் விழக் கூடாது என்று நினைக்கிறேன். அதனால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பட்டறை, எங்கள் பழக்கம்

பட்டறை புதுச்சேரிக்கு வெளியே இருக்கிறது. நானும், மண் தயாரிக்கும் அக்கா ஒருவரும், வாரம் மூன்று நாள் வரும் ஒரு தம்பியும் சேர்ந்து வேலை செய்கிறோம். இந்தப் பக்கத்தில் கலைமட்பாண்டப் பட்டறைகள் ஏன் இத்தனை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. 1971-இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். சவுக்கு விறகை எரித்து ஸ்டோன்வேர், அதாவது உயர்ந்த வெப்பத்தில் கல்போல இறுகும் பாண்டம், சுட்டார்கள், மாணவர்களை உடன் வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே கற்றவர்களும், அவர்களிடம் கற்றவர்களும் ஆரோவில்லிலும் நாட்டின் பல ஊர்களிலும் சக்கரம் போட்டார்கள். ரே மீக்கர் பின்னாளில் மண்ணால் வீட்டையே கட்டி, அதற்குள் பச்சைச் செங்கல் அடுக்கித் தீ மூட்டி, வீட்டைச் சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தவர். அந்த வழியில் வந்த ஒருவரிடம்தான் நானும் மூன்று வருடம் கற்றேன்.

அந்தப் பயிற்சி எங்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது: ஸ்டோன்வேர் மண், 1280 டிகிரி, மேலே பூசும் கிளேஸ் உருகிக் கண்ணாடியாகிப் பாண்டத்தோடு ஒன்றாகிவிடும் வெப்பம். மண் பையில் வரும், அரைத்து, சலித்து, கல் இல்லாமல். கல்லைப் பற்றி யோசிக்கும் பழக்கமே எங்களுக்கு விட்டுப்போயிருந்தது. இந்த நிகழ்வின் வேர் அதில்தான் இருக்கிறது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

டிசம்பரில் ஒரு சின்னக் கண்காட்சி. பக்கத்து ஏரி மண்ணிலேயே சிவப்புக் கிண்ணங்கள் வனைந்து, மேலே வெள்ளை ஸ்லிப், அதாவது களிமண் கூழ், பூசி, அதைக் கீறிக் கோடு போட்டு, ஒளி ஊடுருவும் கிளேஸ் கொடுத்து வைக்கலாம் என்று முடிவெடுத்தேன். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அத்தனை நல்ல மண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியூர் மண்ணை லாரியில் வரவழைக்கிறோமே என்பது ரொம்ப நாளாக மனசை அரித்துக்கொண்டிருந்தது.

செய்த விதம்

மே மாதம் ஏரி வற்றியபோது கரையோரத்தில் மண் எடுத்து வந்தோம். காயவைத்து, கட்டையால் உடைத்து, கண்ணுக்குத் தெரிந்த கல்லையும் வேரையும் கையால் பொறுக்கினோம். பிறகு பீப்பாயில் ஊறவைத்து, மெல்லிய மணலும் பொடித்த சுட்ட மண்ணும் சேர்த்து, அக்கா காலால் மிதித்தார். அருமையான மண். இழுத்தால் வரும், வளைத்தால் விரிசல் விடாது, கையில் பட்டுப்போல இருந்தது. சலிக்கவில்லை. கையில் ஒன்றும் உறுத்தவில்லையே என்று இருந்துவிட்டேன்.

ஒவ்வொரு கிண்ணத்துக்கும் 700 கிராம் உருண்டை. பிசைந்து பிசைந்து காற்றை வெளியேற்றி, சக்கரத்தின் நடுவில் அடித்து நிறுத்தி, இரு கைக்கும் நடுவே ஆட்டமில்லாமல் சுழலும்வரை அழுத்தி, கட்டைவிரலால் குழி திறந்து சுவரை மேலே இழுத்தேன். அடிப்பகுதியை ஒவ்வொரு முறையும் கட்டையால் அழுத்தித் தேய்த்தேன். இல்லாவிட்டால் காயும்போது அடியில் ‘எஸ்’ வடிவத்தில் விரிசல் விழும். மழைக்காலமாதலால் காய்வது தாமதம். பிளாஸ்டிக் தாளில் மூடி, இரண்டாம் நாள் கவிழ்த்து, தோல் பதத்துக்கு இறுகியதும் திரும்பச் சக்கரத்தில் ஏற்றி அடிப்பாதத்தைச் செதுக்கினோம். அந்தப் பதத்திலேயே வெள்ளை ஸ்லிப். ஸ்லிப் மங்கியதும் மூங்கில் முனையால் கீறினேன். கீறும்போது சிவப்பு எட்டிப் பார்க்கும் அந்த நொடிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

64 வனைந்தோம். காய்தலிலும் செதுக்குவதிலும் ஆறு போனது, அது வழக்கம்தான். மின்சூளையில் முதல் சூடு: ராத்திரி முழுக்க 90 டிகிரியில் ஈரம் போக்கி, 300 வரை மெதுவாக, குவார்ட்ஸ் படிகம் சட்டென்று விரியும் 573 டிகிரியை நிதானமாகத் தாண்டி, 960-இல் கால்மணி நேரம் நிறுத்தம். ஒன்றரை நாள் கழித்துத் திறந்தோம். 58-ம் பழுதில்லை. அன்றைக்கு அக்கா சூளைக்கு முன்னால் சூடம் கூடக் காட்டினார்.

அடுத்து கிளேஸ் பூசி 1060 டிகிரியில் இரண்டாவது சூடு. அதற்கு வேண்டிய ஃபிரிட், அதாவது ஏற்கெனவே உருக்கிப் பொடித்த கண்ணாடித் தூள், வரத் தாமதமானது. மழை வேறு. கிண்ணங்கள் அலமாரியில் காத்திருந்தன. அந்தக் காத்திருப்பு நல்லதாகப் போயிற்று. ஃபிரிட் உடனே வந்திருந்தால் கிளேஸ் போட்டு விற்றிருப்பேன்; வெடிப்பது வாங்கியவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்திருக்கும்.

உண்மையில் ஒரு முறை நடந்தும் இருக்கிறது. ஆகஸ்டில் அதே மண்ணில் மாதிரிக்காகச் செய்த, கிளேஸ் போட்ட மூன்று கிண்ணங்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தேன். இந்தச் சத்தம் தொடங்கிய பிறகுதான் அந்த அம்மா சொன்னார், மோர்ச்சோற்றில் கண்ணாடித் துண்டு போல ஒன்று வந்தது, குழந்தை தட்டில் இல்லை, என் தட்டில்தான் என்று. கிண்ணத்தை வாங்கிப் பார்த்தேன். உள்பக்கம் கிளேஸோடு சேர்ந்து பெயர்ந்த பள்ளம். அன்றிலிருந்து நான் இதை அழகுக்குறையாகப் பார்க்கவில்லை.

என்னவாக இருக்கும்?

வந்து பார்த்த எல்லோரும் சொன்ன முதல் காரணம் காற்றுக்குமிழ். ‘சரியாகப் பிசையவில்லை.’ இது பட்டறைகளில் தலைமுறையாக ஓடும் பேச்சு. காற்றுக்குமிழ் இருந்தாலும் பாண்டம் சிதறுவது சூளைக்குள், ஈரம் முழுதாகப் போகாத மண்ணில் நீராவி அடைபட்டு. சுட்டு ஆறி ஐந்து நாள் கழித்து, அறை வெப்பத்தில், காற்றுக்கு வெடிக்க எந்த வேலையும் இல்லை. அதைத் தள்ளினேன்.

இரண்டாவது, ஸ்லிப் ஒட்டவில்லை என்பது. ஸ்லிப்பும் மண்ணும் வேறு வேறு அளவில் சுருங்கினால் ஸ்லிப் உரிந்து விழும், உண்மை. ஆனால் ஸ்லிப் பூசாத உள்பக்கத்திலும் பள்ளங்கள் இருந்தன. விழுந்த சில்லில் அடிமண்ணும் சேர்ந்தே வந்திருந்தது.

அப்புறம்தான் பூதக்கண்ணாடி எடுத்தேன். முதல் நாளே எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும், சரியாகக் கூம்பின் நுனி சேரும் இடத்தில், கடுகளவு வெள்ளைப் புள்ளி. விதிவிலக்கே இல்லை. நகத்தால் தொட்டால் மாவாக உதிர்ந்தது.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “சுண்ணாம்பு மாதிரில்ல இருக்கு” என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய் மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு வந்தார். ஒரு சொட்டு வைத்தோம். சுற்றியிருந்த மண்ணில் மஞ்சளாகவே இருந்த சொட்டு, புள்ளியின் மேல் மட்டும் குங்குமமாகச் சிவந்தது. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலக்கிற அதே வேதியியல்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும். எந்த ஆய்வகத்துக்கும் போக வேண்டியிருக்கவில்லை.

மீதியிருந்த பச்சை மண்ணைச் சோதித்தோம். 1 கிலோ காய்ந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து 30 மெஷ் சல்லடையில், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுமேல் கண்ணுள்ளதில், ஊற்றினேன். தேக்கரண்டி நிறைய மேலே தங்கியது. மணல், வேர்த்துணுக்கு, அப்புறம் பழுப்பு வெள்ளை உருண்டைகள், உடைந்த நத்தை ஓடுகள். நீர்த்த அமிலத்தை விட்டதும் உருண்டையும் ஓடும் நுரைத்துப் பொங்கின. உருண்டைகள் சுக்கான்கல், அதாவது மண்ணுக்குள் திரளும் சுண்ணாம்புக் கல். புதுச்சேரிக்கு வடமேற்கே வழுதாவூர்ப் பக்கம் டைனோசர்கள் வாழ்ந்த காலத்துக் கடலடி சுண்ணாம்புப் பாறைகள் இருக்கின்றன, உள்ளே சிப்பிப் படிமங்களோடு. இந்த வட்டாரத்து மண்ணில் சுண்ணாம்பு கலந்திருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நத்தையோ, எல்லா ஏரியிலும் உண்டு.

வெடிக்கும் வழி

சுக்கான்கல்லும் ஓடும் கால்சியம் கார்பனேட். சூளையில் சுமார் 800 டிகிரிக்கு மேல் அது வேகமாகச் சிதைந்து கரியமில வாயுவை வெளியே விடும். 100 கிராமில் 56 கிராம் நீறாத சுண்ணாம்பாக, அதாவது இன்னும் தண்ணீரோடு சேராத சுண்ணாம்பாக, மிஞ்சும். சுண்ணாம்புக் காளவாயில் நடப்பதே இது. நீறாத சுண்ணாம்புக்குத் தண்ணீர் மேல் தீராத தாகம். பாண்டம் ஆறியதும், மழைக்காலக் காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல இழுத்து நீறும். நீறும்போது அதன் பருமன் ஏறக்குறைய இரு மடங்காகும். சுற்றிச் சுட்டு இறுகிய மண் சுவர். நடுவே பெருக்கும் ஒரு கடுகு. மேல்தோல் பக்கமாக இருந்தால் தோலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஆழத்தில் இருந்தால் விரிசல் மட்டும் விழும். ஐந்து நாள், பத்து நாள் என்று ஆவது, ஈரம் உள்ளே போய்ச் சேர எடுக்கும் நேரம்.

வாராவாரம் நான் கிளேஸ் வாளியில் எடைபோட்டுப் போடுவதும் இதே கால்சியம் கார்பனேட்தான். ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர் பெர்னார்ட் லீச் வழியாக உலகெங்கும் பரவிய கிளேஸ் கணக்கு ஒன்று உண்டு: ஃபெல்ட்ஸ்பார் 40, சிலிக்கா 30, கால்சியம் கார்பனேட் 20, சைனா களிமண் 10. மாவாக அரைத்தது என்பதாலும், 1280 டிகிரியில் சிலிக்காவோடு கரைந்து கண்ணாடியாகிவிடும் என்பதாலும் அங்கே அது எங்களுக்கு உறவு. கடுகளவாகவும் 960 டிகிரியிலும் இருக்கும்போதுதான் பகை.

அதே ஏரி, அதே மண், வெடிக்காத பானை

ஒரு கேள்வி மட்டும் விடவில்லை. அதே ஏரியிலிருந்து மண் எடுத்துப் பொங்கல் பானையும் கார்த்திகை அகலும் செய்கிற வேளார் குடும்பம் ஒன்று அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் பானை வெடிப்பதில்லையே? உடைந்த கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்.

பெரியவர் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். “ஏம்மா, மண்ணக் கரைச்சு வடிச்சியா?”

“இல்லைங்க ஐயா. மிதிச்சோம். கல்லு பொறுக்கினோம்.”

“பொறுக்கினா பெரிய கல்லு போவும். கெடுக்கிறது சின்னக் கல்லுதாம்மா.”

பின்கட்டில் இரண்டு குழிகளைக் காட்டினார். மேல்குழியில் மண்ணைக் கூழாகக் கரைத்துக் கலக்கி, கொஞ்சம் நிற்கவிட்டு, மேல்கூழை மட்டும் கீழ்க்குழிக்குத் துணி வழியாக விடுகிறார். கனமானது மேல்குழியிலேயே அடங்கிவிடும். அகலுக்கு அவ்வளவு மெனக்கெடுவதில்லையாம், பானைக்கு மட்டும்தான். சரி, வடிக்காத மண்ணில் செய்த அகலும் ஏன் வெடிக்கவில்லை? அதற்கு அவர் சிரித்துவிட்டு, “எங்க சூளை அப்படி” என்றார்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு வந்து ஒரு வாரம் உட்கார்ந்தேன். வைக்கோலும் வறட்டியும் விறகும் அடுக்கி மேலே சேறு பூசிச் சுடும் திறந்த சூளை பெரும்பாலும் 600 முதல் 850 டிகிரிக்குள் நிற்கும். உச்ச வெப்பமும் நெடுநேரம் நீடிக்காது. அதில் சுக்கான்கல் பெரும்பாலும் கல்லாகவே இருந்துவிடுகிறது. நீறாத சுண்ணாம்பே உண்டாகாதபோது எது வெடிக்கும்?

சோதித்துப் பார்த்தோம். சலிக்காத மண்ணில் தட்டைத் துண்டுகள் செய்து 750, 850, 960, 1060, 1150 என ஐந்து வெப்பத்தில் சுட்டோம். ஈரத்துக்கு இரண்டு வாரம் காத்திருக்க முடியாது. இட்லிப் பானையில் தட்டில் அடுக்கி மூன்று மணி நேரம் ஆவி காட்டினோம். 750 துண்டுகளில் ஒரு பள்ளம்கூட இல்லை. 850-இல் அங்கொன்று இங்கொன்று. 960-இல் அம்மை போட்டதுபோல. 1060-இலும் குறையவில்லை. 1150-இல் வெடிப்பு நின்றது, ஆனால் மண்ணே ஓரம் தொய்ந்து கொப்பளித்துவிட்டது. இந்த மண் தாங்கும் எல்லை அது.

ஆக, நான் அளந்து அளந்து நிறுத்திய 960 டிகிரியும், கிளேஸுக்கு வேண்டிய 1060-உம், இந்த மண்ணுக்கு இருப்பதிலேயே மோசமான இடம். கீழே போனால் கிளேஸ் உருகாது. மேலே போனால் பாண்டம் நிற்காது. சூளையை மாற்றித் தப்ப முடியாது என்றால், மண்ணிடம்தான் திரும்பிப் போக வேண்டும்.

செய்து பார்த்த மாற்றுகள்

உப்பு சேர்ப்பது பழைய வழி. கடற்கரை ஊர்களில் கடல்நீரிலேயே மண் குழைத்திருக்கிறார்கள். காய்ந்த மண்ணில் நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு போட்டுச் சுட்டதில் வெடிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் பாண்டத்தின் மேல் வெளிறிய படலம் படிந்தது; எனக்கு வேண்டிய சிவப்பு போய்விட்டது. உப்புப்புகை மின்சூளைக் கம்பிகளையும் அரிக்கும். விட்டுவிட்டேன். திறந்த விறகுச் சூளை வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழியாக இருக்கலாம்.

அடுத்தது, செங்கல் சூளைக்காரர்கள் செய்வது. சூளையிலிருந்து எடுத்த கையோடு, இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே தண்ணீரில் முழுக்க மூழ்கடித்து ஒரு ராத்திரி வைத்தோம். ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தால்தான் சுண்ணாம்பு உள்ளேயே பெருத்து முட்டுகிறது. ஒரேயடியாக நிறையத் தண்ணீர் கிடைத்தால் கூழாகி, மண்ணின் நுண்துளைகளுக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. சின்னத் துகளுக்கு இது வேலை செய்தது. பெரிய துகள் தண்ணீருக்குள்ளேயே வெடித்தது.

நிலைத்தது சலிப்பதுதான். மண்ணைத் தயிர்ப் பதத்துக்குக் கரைத்து 60 மெஷ்ஷில் வடித்தோம். அதன் கண் கால் மில்லிமீட்டர். அதற்குள் புகுந்து வரும் சுண்ணாம்புக்குப் பாண்டத்தின் தோலைத் தள்ளும் பலம் இல்லை. சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்கு, டிசம்பர் ஈரத்தில், நரகம். வடித்த கூழைக் காயவைக்க வெயில் இல்லை, பிளாஸ்டர் பலகைகள் ஊறி நின்றுவிட்டன. கடைசியில் பழைய வேட்டிகளைப் பையாகத் தைத்து, கூழை ஊற்றி, உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். பதினொரு நாள் சொட்டிக்கொண்டே இருந்தது. அக்காவின் முழங்கை வீங்கி, நான்கு நாள் வரவில்லை. ஒரு கிண்ணத்தின் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் சொல்ல என்னிடம் இப்போது இந்தப் பதினொரு நாள் இருக்கிறது.

இரண்டாம் சுற்று

கண்காட்சித் தேதி போய்விட்டது. அமைப்பாளர்களிடம் உள்ளபடி சொன்னோம், ஜனவரி கடைசிக்குத் தள்ளிக் கொடுத்தார்கள். முதல் சுற்றில் பள்ளமில்லாமல் இருந்த 17 கிண்ணங்களையும் ஆவியில் வைத்தோம், எட்டு வெடித்தது. மிச்ச ஒன்பதையும் விற்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்த மற்ற இரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வடித்த மண் முந்தையதைவிடக் கொழுப்பாக இருந்தது. மணலும் போய்விட்டதால் சுருக்கம் கூடியது. சலித்த மெல்லிய மணலைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தது. 40 வனைந்தோம், 36 சூளைக்குப் போனது. முதல் சூடு முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு, நான்கு நாள் காயவைத்து, பிறகு கிளேஸ். நனைந்த பாண்டம் முழுக்கக் காயாவிட்டால் கிளேஸ் மேலே பிடிக்காது. அவசரப்பட்ட இரண்டில் கிளேஸ் திட்டுத்திட்டாக ஒதுங்கிப் பாழானது. மீதி 34. அவற்றில் மூன்றை எடுத்து இட்லிப் பானையில் வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா சுண்டிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

கண்காட்சியில் 31 கிண்ணங்கள் போயின. ஆவி காட்டிய மூன்றையும் நாங்களே வைத்துக்கொண்டோம். தினமும் அதில்தான் சாப்பிடுகிறோம். இப்போது ஒவ்வொரு சூளைக்கும் இரண்டு பாண்டம் இட்லிப் பானைக்குப் போகிறது, ஸ்டோன்வேராக இருந்தாலும் கூட.

மே மாதம் மறுபடி ஏரிக்குப் போனபோது பெரியவரையும் கூட்டிப்போனேன். நாங்கள் முன்பு வெட்டிய இடத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். “கரையோரம் பூராவும் நத்தம்மா. தண்ணி வத்த வத்த அங்கதான் ஒதுங்கிச் சாவும்.” உள்ளே இருபது முப்பது எட்டு எடுத்து வைத்து நடந்து, மேல்மண்ணை முழங்கை ஆழத்துக்கு ஒதுக்கச் சொல்லி, அதற்குக் கீழே கறுத்திருந்த மண்ணை ஒரு கட்டி எடுத்து உடைத்துக் காட்டினார். கொண்டுபோயிருந்த அமிலத்தை அதில் விட்டேன். அங்கங்கே நுரைத்தது, ஆனால் போன வருடத்தைவிட ரொம்பக் குறைவு. பன்னிரண்டு மூட்டை எடுத்து வந்தோம். நல்ல வெயில் இருக்கும்போதே வடிக்கத் தொடங்கிவிட்டோம்.